நெறியில் வந்து உட்காரும் தூசு

ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கட்டியைப் பார்த்துவிடுவதுதான் எங்கள் தொழில். கட்டி டப்பாவில் வரும். மேலே பெயரும் வயதும் ஒட்டியிருக்கும். அதை வெட்டி, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்பது என் வேலை. அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதை டைப் அடிப்பதும் நான்தான். காரைக்கால் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன லேபில் பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களிடம் கவரை நீட்டுவதும் நாளடைவில் என் தலையில் விழுந்தது. இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான். அதற்கு மட்டும் எந்தக் கோர்ஸிலும் பாடம் இல்லை.

எங்களிடம் வருவதில் பாதி நெறிதான். கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். காலில் புண் வந்தால் "நெறி கட்டியிருக்கு" என்போமே, அதுதான். ரத்தக்குழாயிலிருந்து சதைக்குள் கசிந்த நீர் முழுசாக ரத்தத்துக்குத் திரும்பாது. மிச்சம் நூல் போன்ற குழாய்களில் நுழைந்து நெறி வழியாக வடியும். அதற்குத்தான் நிணநீர் என்று பெயர். அந்தக் குழாய்களின் நுனியில் செல்கள் ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்கின மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். சதையில் நீர் கூடினால் அந்த இடுக்கு விரியும். ரத்தக்குழாய்க்குள் போக முடியாத துகளெல்லாம் அதில் நுழைந்துவிடும். தானாகப் போக முடியாததைச் சில செல்கள் விழுங்கித் தூக்கிக்கொண்டு போகும். தூசு, மை, கிருமி, கேன்சர் செல் எதுவானாலும் சரி, முதலில் எதிர்ப்படும் நெறியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீங்களும் என்னைப் போல லேபில் நிற்பவராக இருக்கலாம். அல்லது ஏதோ ஒரு லேபின் பெஞ்சில் கவருக்காகக் காத்துக்கிடந்தவராக இருக்கலாம். கவரைக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் அந்த நிமிஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அந்த உரிமையில் சிலதைச் சொல்கிறேன்.

உப்பு

கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒருவர் திங்கட்கிழமை காலையில் நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், மீன்பிடித் தொழில். மஞ்சள் பையிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவர் மனைவியின் கழுத்தில் இருந்த நெறியை வெளியூர் நர்சிங் ஹோம் ஒன்றில் வெள்ளிக்கிழமை எடுத்திருக்கிறார்கள். "லேப்ல குடுத்துருங்க" என்று ஒரு காலி டப்பாவில் போட்டுக் கையில் தந்துவிட்டார்கள். சதை கெடாமல் இருக்க ஊற்றுகிற ஃபார்மலின் அதில் இல்லை. அப்படி ஒன்று ஊற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. இங்கே வந்து சேர்வதற்குள் லேப் மூடிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் விடுமுறை. வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல தண்ணீரில் கழுவி, கல்லுப்புப் போட்டு பாட்டிலில் வைத்திருக்கிறார்.

வெட்டிப் பார்த்தோம். செல்லெல்லாம் சுருங்கிக் கரைந்து, மைக்ரோஸ்கோப்பில் வெறும் ரோஸ் கலர் சேறுதான் தெரிந்தது. காசநோயா, அதைவிடப் பெரிய விஷயமா என்று சொல்ல வழியில்லை. காசநோய் என்றால் மாத்திரையில் சரியாகிவிடும். மற்றதென்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். இன்னொரு நெறி எடுத்து அனுப்பச் சொன்னோம். அந்த அம்மாள் மறுபடி கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சம்மதித்து இரண்டாவது டப்பா வந்தபோது இரண்டு மாதம் போயிருந்தது. இந்தத் தடவை கழுத்தின் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. அது காசநோய் இல்லை.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவர் நகராமல் நின்றார். "உப்பு வைக்காம இருந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமாம்மா?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்றேன். பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மீனுக்கு உப்பு வச்சா கெடாதுல்ல, அந்த நெனப்புலதாங்க வச்சேன்."

தோளில் இருந்த பெயர்

சாந்திக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்காருகிற வேலை. இடது அக்குளில் கட்டி தட்டுப்படுகிறது என்று போனவருக்கு ஆபரேஷன் செய்து நெறியை எடுத்தார்கள். எடுத்த சர்ஜனே எங்களுக்குப் போன் செய்தார். நெறி கருகருவென்று மை மாதிரி இருக்கிறது என்றார். மச்சத்திலிருந்து கிளம்பும் ஒரு பொல்லாத கேன்சர் நெறியை அப்படித்தான் கறுப்பாக்கும். அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் குரலில் அது இருந்தது. நான் வெட்டும்போது என் கையுறையில்கூடக் கறை ஒட்டியது.

டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "இந்தப் பொண்ணு தோள்ல பச்சை குத்தியிருக்கான்னு கேளு" என்றார். குத்தியிருந்தார், கணவன் பெயரை. கல்யாணமான புதிதில் அவன் கூட்டிக்கொண்டு போய்க் குத்தவைத்தது. பிறகு குடித்துவிட்டு வந்து அதே பெயரைத் தொட்டுக் காட்டி, "இது போட்டிருக்குல்ல, அப்ப நீ என்னோட சாமான்தானே" என்று சொல்லி அடிப்பானாம். மூன்று வருஷம் பொறுத்துவிட்டு வெளியே வந்து, விவாகரத்து வாங்கி, முதல் வேலையாக லேசர் வைத்துப் பெயரை அழித்திருக்கிறார். தோளில் வெளிறின தழும்பு மட்டும் இருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரே வெளியே வந்து அவரிடம் சொன்னார். லேசர் மையை இன்னும் பொடியாக உடைக்கும், அவ்வளவுதான். பொடித்ததில் பெரும்பங்கை நிணநீர் அக்குளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நெறியில் வந்து உட்கார்ந்ததைக் கரைக்க உடம்பிடம் எதுவும் இல்லை. கேன்சர் இல்லை என்று கேட்டு அந்தப் பெண் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "மத்த நெறியிலயும் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும், ஒன்றும் செய்யாது என்றேன். "எத்தன வருஷத்துக்கு?" என்றார். நான் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு நீட்டினேன். துப்பட்டாவை இழுத்து அந்தத் தோளை மூடிக்கொண்டார். "தோள்லேருந்து வெரட்டிட்டேன்னு நெனச்சேன், அக்குளுக்குள்ள போயி குடியிருக்கானாக்கா."

மூன்று நாள் வேண்டுதல்

எப்போதாவது நல்ல சேதியும் வரும். பள்ளிக்கூடம் போகிற தன் மகளுக்குப் பின்கழுத்தில் வரிசையாக நெறி கட்டியிருக்கிறது என்று ஒரு அம்மா ஊசி டெஸ்டுக்குக் கூட்டி வந்தார். மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மாமியார் கேன்சரில்தான் போயிருக்கிறார். ஊசியில் வந்ததைப் பார்த்தோம், சண்டை போட்டுக் களைத்த சாதாரண வெள்ளை அணுக்கள். பிள்ளையின் பின்னலைத் தூக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்துவிட்டது. தலை முழுக்கப் பேன், சொறிந்து சொறிந்து புண். அந்தப் புண்ணிலிருந்து இறங்கினதுதான் கழுத்து நெறியில் வந்து நிற்கிறது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மூணு நாளா சோறு எறங்காம எள்ளு தீபம் போட்டுட்டு வந்தேன், பேனுன்னு தெரிஞ்சிருந்தா சீப்பு வாங்கிட்டு வந்திருப்பேன்ல."

இதைச் சொல்லிவிட்டேன். இனிமேல் வருவது எதுவும் சிரிப்பில் முடியாது.

கேட் போட்டிருந்தது

ஹாஜிரா லாத்தாவை எனக்கு முன்பே தெரியும். என் தங்கையின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், அவர்கள் பக்கம் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் துபாயில் கடையில் வேலை. லாத்தாவுக்கு மார்பில் கட்டி, கேன்சர் என்று எங்கள் லேபில்தான் தெரிந்தது. அந்தக் கவரையும் நான்தான் கொடுத்தேன். ஆபரேஷனில் ஒரு நீலச் சாயத்தை மார்பில் ஊசியாகப் போட்டு ஐந்து நிமிஷம் தேய்த்துவிடுவார்கள். சாயம் நிணநீரோடு போய் அக்குளில் எந்த நெறியை முதலில் நீலமாக்குகிறதோ, கேன்சர் பரவியிருந்தால் அதில்தான் முதலில் வந்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் எடுத்து உடனே பார்த்துச் சொன்னால் போதும். சுத்தமாக இருந்தால் மற்ற நெறிகளைத் தொடாமல் தைத்துவிடுவார்கள். கை வீங்காமல் பிழைக்கும்.

ஆஸ்பத்திரியில் நீல நெறியை வாங்கிக்கொண்டு லேபுக்கு ஸ்கூட்டியில் கிளம்பினேன். லாத்தா அங்கே டேபிளில் மயக்கத்தில் இருக்கிறார், சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கரி ஏற்றின கூட்ஸ் வண்டி வேகமும் எடுக்காமல் நிற்கவும் செய்யாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேகனாகப் பார்த்தபடி நின்றேன். பக்கத்தில் பைக்கில் இருந்தவர், "ஏங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கேட் திறந்ததும் லேபுக்கு வந்து, நெறியைப் பிளந்து, வெட்டின முகத்தைக் கண்ணாடியில் ஒற்றிச் சாயம் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் பார்த்தார், சுத்தமாக இருக்கிறது என்றார். நான்தான் போனில் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு ரிப்போர்ட் சொன்னதில்லை. மறுநாள் லாத்தாவே கூப்பிட்டு, "ஒண்ணுக்குப் போனா பச்சப்பசேல்னு வருதே, எனக்கென்ன வெஷமா ஏத்துனாங்க?" என்றார். சாயம்தான் லாத்தா, ரெண்டு நாளில் போய்விடும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒற்றியெடுப்பது மேல்முகத்தை மட்டும்தான் காட்டும். மிச்ச நெறியை மெழுகில் போட்டு முழுசாக வெட்டிப் பார்ப்பது வழக்கம். ஐந்தாம் நாள் ஒரு வெட்டில், நெறியின் ஓரத்தில், கேன்சர் செல்கள் சின்னக் கூட்டமாக இருந்தன. டாக்டர் நாலைந்து தடவை பார்த்தார். மாற்றிச் சொல்ல முடியாது. அக்குளை மறுபடி திறக்க வேண்டும். நான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். லாத்தா என்னை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டார். முழுசாகக் கேட்டுவிட்டு, நான் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஒண்ணும் இல்லைன்னு நீ சொன்னதும் நேர்ச்சைச் சோறு ஆக்கி தெரு முழுக்கக் குடுத்துட்டேனேம்மா, அவங்ககிட்ட இப்ப நான் என்னன்னு போயி சொல்லுவேன்."

எந்தத் தூசு

கலியபெருமாள் என்பவருக்கு நெஞ்சுக்குள் குழாய் விட்டு, மூச்சுக்குழாய் ஓரத்து நெறியிலிருந்து எடுத்த சாம்பிள் வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற ஆள். எங்கள் மாடிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தார். கேன்சர் இல்லை, காசநோய் இல்லை. நெறி முழுக்கக் கறுப்புத் துகள். மூக்கு வழியாகப் போய் நுரையீரலில் இறங்கின தூசு அங்கிருந்து நிணநீரில் ஏறி நெறிக்கு வந்திருக்கிறது.

அவருக்கு வேண்டியது மருந்து இல்லை. உடம்பு முடியாமல் போன தொழிலாளிக்குக் கிடைக்கிற உதவிக்கு மனு போட்டிருந்தார். எந்த வேலையால் இது வந்தது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள் அந்த ஆபீஸில். டாக்டர் அவரிடம் பொறுமையாக விசாரித்தார். இளவயதில் செங்கல் சூளை. அப்புறம் பத்து வருஷம் அரிசி மில். அப்புறம் ஊர் ஊராகக் கரி லோடு அடிக்கிற லாரியில் தார்ப்பாய் கட்டுகிற வேலை. இடையில் பீடி. வீட்டில் விறகடுப்பு. "ஐயா, மைக்ரோஸ்கோப்புல தூசு தெரியும். அது எந்த வாசல்லேருந்து வந்துச்சுன்னு தெரியாது. என் நெறிய வெட்டினாலும் கொஞ்சம் கறுப்பு இருக்கும்" என்றார் டாக்டர். கறுப்புத் துகள் படிவு இருக்கிறது என்பதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளோடு அவர் மூன்று முறை அலைந்தார். மூன்று முறையும் இது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசித் தடவை மாடி ஏற முடியாமல் கீழே மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். இன்னும் ஒரு வரி சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல நான் இறங்கிப் போனேன். அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் இடைவெளி விட்டுச் சொன்னார்: "எல்லா மொதலாளி வீட்டுத் தூசும் உள்ள ஒண்ணா ஒக்காந்திருக்கு, ஆளுதான் ஒருத்தனும் வர மாட்டேங்குறான்."

அலமாரி

வேதவல்லி அக்காவுக்கு ஊர் சுரக்குடி. நாற்று நடுகிற கை, அது இல்லாமல் வீடு ஓடாது. அவருக்கு வலது மார்பையும் அக்குளில் இருந்த நெறிகள் மொத்தத்தையும் எடுத்து இரண்டு வருஷமாகியிருந்தது. கேன்சர் திரும்பி வரவில்லை. ஆனால் கை வீங்க ஆரம்பித்து, தோளிலிருந்து விரல்வரை தொடை மாதிரி ஆகிவிட்டது. ஜாக்கெட் போட முடியவில்லை, ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வயலில் சின்னக் கீறல் பட்டாலும் கை சிவந்து காய்ச்சல் வந்துவிடும். சேற்றில் இறங்காதே என்று சொல்லிவிட்டார்கள். நடவு வேலைக்கு யாரும் கூப்பிடுவதும் இல்லை.

அவர் எங்களிடம் ஏன் வந்தார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, ரத்தம் பாசன வாய்க்கால் மாதிரி, நெறி இருக்கிற பாதை வடிகால் மாதிரி என்று சொல்ல ஆரம்பித்தார். அக்கா முடிக்கவிடவில்லை. "வடிகாலத் தூத்துட்டா வயலு என்னாகும்னு எனக்குத் தெரியாதாய்யா" என்றார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். எடுத்த நெறிகளை லேபில் பத்திரமாக வைத்திருப்போம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றிரண்டைக் கேட்டு வாங்கி, திருப்பி வைத்துத் தைக்கச் சொல்லலாம் என்று வந்திருக்கிறார்.

வைத்திருக்கிறோம்தான். ஒவ்வொரு கட்டியின் மெழுகு வில்லையையும் வருஷவாரியாக அலமாரியில் அடுக்கியிருக்கிறோம். வேறு இடத்து நெறியை எடுத்து வைத்துத் தைக்கிற ஆபரேஷன் பெரிய ஊர்களில் இருக்கிறது, ஆனால் அதற்கு உயிருள்ள நெறி வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் அவருடைய வில்லையை எடுத்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. ஃபார்மலினில் ஊறி மெழுகில் ஏறினது, உயிர் இல்லை அக்கா என்றேன். வில்லையை இடது உள்ளங்கையில் வைத்து, அதில் பட்டாணி அளவில் தெரிந்ததைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "செத்ததா இருந்தா என்ன தங்கச்சி, அது எங்கையோடதுதானே, ஒண்ணு மட்டும் வச்சுப் பாக்கச் சொல்றேன்."

மடிப்பு

மெழுகைச் சீவும்போது வருகிற ஏடு ரிப்பன் மாதிரி நீளும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியால் ஏந்தி எடுக்க வேண்டும். கை கொஞ்சம் தவறினாலும் ஏட்டில் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் டாக்டருக்கு எதுவும் தெரியாது. அவர் அதிகம் பேசாத ஆள். பேசினால் அநேகமாக மடிப்பைப் பற்றித்தான். "இதென்ன, கொசுவம் வச்சுக் கொண்டாந்திருக்கியா?" என்பார். அவரோடு வேலை பார்த்த பதினேழு வருஷத்தில் நன்றாக வெட்டியிருக்கிறாய் என்று அவர் வாயால் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலையில் அவரே ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பெயர் இல்லை. ஆண், அறுபத்தெட்டு, இடது கழுத்தெலும்புக்கு மேல் நெறி என்று மட்டும் அவர் கையெழுத்தில் இருந்தது. கழுத்தில் சட்டைக் காலரை மீறிக்கொண்டு பிளாஸ்டர் தெரிந்தது. அந்த இடத்து நெறியைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். இடுப்புக்குக் கீழே, வயிற்றுக்குள்ளே இருக்கிற நிணநீரெல்லாம் ஒரே குழாயில் ஏறி இடது கழுத்தில்தான் ரத்தத்தில் கலக்கும். அங்கே நெறி கல் மாதிரி இருந்தால் வயிற்றைத் தேடு என்பார். ஷேவ் செய்யும்போது கையில் தட்டியிருக்கிறது. அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வெட்டினேன். எப்படி வெட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. ஏடு ஏடாக எடுத்து, திருப்தியில்லாமல் ஒதுக்கி, கடைசியில் ஒன்றைச் சாயம் போட்டுக்கொண்டுபோய் வைத்தேன். எல்லோருடைய ஸ்லைடையும் பார்ப்பதுபோல முதலில் சின்ன லென்ஸிலும் பிறகு பெரிய லென்ஸிலும் பார்த்தார். "டைப் பண்ணு" என்றார். வயிற்றுப் பகுதியிலிருந்து பரவிய கேன்சர் என்ற கருத்தை வழக்கமான வார்த்தைகளில், வழக்கமான வேகத்தில் சொன்னார். கமா வைக்க வேண்டிய இடத்தைக்கூடச் சொன்னார். பெயர் என்ன போடட்டும் என்று கேட்டேன். இனிஷியலோடு தன் பெயரைச் சொன்னார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில் நோயாளி பெயரும் டாக்டர் பெயரும் ஒன்றாக இருந்தன. ஒரு கவரை எடுத்தேன், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் மூன்று மாதம் லேபுக்கு வந்தார். கடைசி வாரம்வரை மற்றவர்களுடைய ஸ்லைடைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தன்னுடையதைப் பற்றி அன்றைக்குச் சொன்னதோடு சரி. கையெழுத்துப் போட்டதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தன் ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "இன்னிக்குத்தாம்மா மடிப்பே இல்லாம வெட்டியிருக்க."

உடம்புக்குள் போன எந்தத் துகள் எந்த நெறியில் போய் உட்காரும் என்று யார் கேட்டாலும் என்னால் சொல்லிவிட முடிகிறது, அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்காமல் கவரை வாங்கிக்கொண்டு போகிறவர் யாராவது இருந்தால் எங்கள் லேபுக்கு அனுப்பிவையுங்கள்.